ஏழு ஷில்லிங் குறைவான உடல்

இரண்டாம் உலகப்போர்க் காலத்து லண்டன். ஓர் அலுவலகக் கட்டடத்தின் மொட்டை மாடியில் மணமாகாத ஓர் ஆணும் மணமாகாத ஒரு பெண்ணும் இரவுக் காவலுக்கு நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரையும் அங்கே நிறுத்தியது அரசு. ஒரே குண்டு இருவரையும் ஒரே அளவுக்கு முடமாக்குகிறது. அதன் பிறகு அரசு தரும் வாராந்தர இழப்பீட்டில் அந்தப் பெண்ணுக்கு ஏழு ஷில்லிங் குறைவு. அன்றைய பிரிட்டிஷ் நாணயத்தில் 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. உழைக்கும் பெண்ணின் வாரக் கணக்கில் ஏழு ஷில்லிங் சின்னத் தொகையல்ல. ஆனால் இந்த வரலாற்றில் தொகையைவிட முக்கியமானது அதன் பின்னால் இருந்த கணக்கு. எதிரியின் குண்டு ஆண் பெண் பார்க்கவில்லை; அரசின் பேரேடு பார்த்தது.

அந்தப் பேரேட்டைப் புரிந்துகொள்ள, பிரிட்டன் தன் குடிமக்களை வான்தாக்குதலிலிருந்து காக்க உருவாக்கிய அமைப்பைப் பார்க்க வேண்டும். 1937இல் இயற்றப்பட்ட விமானத் தாக்குதல் முன்னெச்சரிக்கைச் சட்டம் அந்தப் பொறுப்பை முதலில் உள்ளாட்சிகளிடம் கொடுத்தது. 1939 செப்டம்பரில் போர் தொடங்கியபோது உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகம் என்ற தனி அமைச்சகம் உருவானது. உள்துறை அமைச்சரே அதற்கும் அமைச்சர். அபாயச் சங்கு, இருட்டடிப்பு, பதுங்கிடம், வார்டன்கள், மீட்புக் குழுக்கள், முதலுதவி எல்லாம் அதன் பார்வைக்குள் வந்தன.

வழக்கமான படைத்துறைக்கும் இதற்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. படைத்துறையின் களம் எல்லையில் இருக்கிறது. குடிமைப் பாதுகாப்பின் களமோ வீடு. யார் எந்த அறையில் தூங்குகிறார்கள், எந்த வீட்டில் நடக்க முடியாத கிழவி இருக்கிறாள், எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்பதெல்லாம் இங்கே போர்த் தகவல்கள். இடிபாட்டுக்குள் எங்கே தோண்டுவது என்பதை அந்தத் தகவல்தான் தீர்மானிக்கும். அது பெண்களிடம் இருந்தது. 1938 செப்டம்பருக்குள் சுமார் 3.8 கோடி நச்சுவாயு முகமூடிகள் விநியோகிக்கப்பட்டன. அவற்றை அடம்பிடிக்கும் குழந்தைகளுக்கு மாட்டப் பழக்கியவர்கள் தாய்மார்கள். தெருவுக்கு வெளிச்சம் கசியாதபடி சன்னல்தோறும் கறுப்புத் துணி தைத்து மாட்டி, அந்தியில் இழுத்து, விடியலில் திறந்தவர்களும் பெரும்பாலும் அவர்களே. இந்த வேலைக்கு எந்த அரசாணையிலும் ஊதியத் தலைப்பு கிடையாது.

அரசு இதை அறியாமல் இல்லை. 1938இல் உள்துறை அமைச்சர் சாமுவேல் ஹோர், ரெடிங் சீமாட்டி ஸ்டெல்லாவை அழைத்துப் பெண்களைத் திரட்டச் சொன்னார். ஸ்டெல்லா இந்தியாவுக்குப் புதியவரல்லர். 1925இல் டெல்லிக்கு வந்து வைஸ்ராய் ரெடிங்கின் மனைவிக்குச் செயலாளராக இருந்தவர். அந்த அம்மையார் இறந்தபின் ரெடிங்கை மணந்தவர். அவர் தொடங்கிய பெண்கள் தன்னார்வச் சேவை போரின் நடுப்பகுதியில் பத்து லட்சம் உறுப்பினர்களை எட்டியது. நகரங்களிலிருந்து குழந்தைகளை ரயிலேற்றி அழைத்துச் சென்றார்கள். வீடிழந்தவர்களுக்குத் தங்கல் நிலையங்களை நடத்தினார்கள். எரியும் தெருக்களுக்குள் தேநீர் வண்டியை ஓட்டிச் சென்றார்கள். பச்சைச் சீருடையைக்கூடச் சொந்தக் காசில்தான் வாங்கினார்கள். ‘தன்னார்வம்’ என்ற சொல் இங்கே இரட்டை வேலை செய்தது. பெண்களைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. கூடவே, வீட்டுவேலைக்குக் கூலி கேட்கக் கூடாது என்ற பழைய விதியையும் தெருவுக்குக் கொண்டுவந்தது.

கூலி கொடுத்த இடத்திலும் விதி மாறவில்லை. முழுநேரக் குடிமைப் பாதுகாப்புப் பணிக்குத் தொடக்கத்தில் ஆணுக்கு வாரம் 3 பவுண்டு, பெண்ணுக்கு 2 பவுண்டு. வார்டன்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் பெண். 1940 செப்டம்பரில் லண்டனின் பெர்மன்ஸி பகுதி எரிந்துகொண்டிருந்த இரவில், தீயணைப்பு இயந்திரங்களுக்குத் தேவையான பெட்ரோலை லாரியில் ஏற்றிக்கொண்டு தீக்கு நடுவே ஓட்டிச் சென்றவர் துணைத் தீயணைப்புப் படையைச் சேர்ந்த கில்லியன் டேனர். வெஸ்ட் பிராமிச்சில் சாரிட்டி பிக் என்ற 14 வயதுச் சிறுமி, வயதை மறைத்துச் சேர்ந்து, குண்டுமழையில் சைக்கிளில் செய்தி கொண்டுபோனாள். இருவருக்கும் ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. பதக்கத்தில் ஆண் பதக்கம், பெண் பதக்கம் என்று இல்லை. சம்பளப் பட்டியலில் இருந்தது.

இந்த அமைச்சகத்தின் முதல் அமைச்சர் ஜான் ஆண்டர்சன். 1932 பிப்ரவரியில் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் வங்காள ஆளுநர் ஸ்டான்லி ஜாக்சனைப் பீனா தாஸ் என்ற மாணவி சுட்டார், குறி தப்பியது. அதே ஆண்டு ஜாக்சனுக்கு அடுத்த ஆளுநராக வந்தவர் ஆண்டர்சன். 1934இல் டார்ஜிலிங் அருகே லெபாங்கில் அவரையும் சுட முயன்றார்கள். அந்த வழக்கில் தண்டிக்கப்பட்டவர்களில் உஜ்வலா மஜும்தாரும் ஒருவர். ஆக, பெண்கள் அரசியல் உறுதியோடு ஆபத்துக்குள் இறங்குவார்கள் என்பதை நேரடியாக அறிந்த நிர்வாகி அவர். வங்காளத்தில் அந்தத் துணிவுக்குப் பெயர் பயங்கரவாதம். லண்டனில் அதற்குப் பெயர் கடமை.

அதே 1932இல், காலனிய அடக்குமுறையை நேரில் ஆராய இந்தியா லீக் அனுப்பிய குழுவில் வி.கே. கிருஷ்ண மேனனோடு இங்கே வந்தவர் எல்லன் வில்கின்சன். தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர்; 1936இல் வேலையற்றோரின் ஜாரோ நடைபயணத்தில் முன்னே நடந்த நாடாளுமன்ற உறுப்பினர். 1940 அக்டோபரில் ஆண்டர்சனின் இடத்துக்கு ஹெர்பர்ட் மாரிசன் வந்தபோது, எல்லன் அவருக்குக் கீழே நாடாளுமன்றச் செயலாளராகிப் பதுங்கிடங்களின் பொறுப்பை ஏற்றார்.

அப்போது நிலைமை மோசமாக இருந்தது. செப்டம்பர் 7இல் தொடங்கிய குண்டுவீச்சு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் இரவுதோறும் லண்டன்மீது தொடர்ந்தது. ஆண்டர்சன் பெயரால் அழைக்கப்பட்ட தகரப் பதுங்கிடத்தைத் தோட்டத்தில் புதைக்க வேண்டும். தோட்டமே இல்லாத கிழக்கு லண்டன் ஏழைகள் சுரங்க ரயில் நிலையங்களை ஆக்கிரமித்துப் படுத்தார்கள். கழிப்பறை போதவில்லை, படுக்கை இல்லை. எல்லன் இரவுகளில் பதுங்கிடம் பதுங்கிடமாகச் சென்று பார்த்தார். அவர் காலத்தில், 1941இல், வீட்டுக்குள்ளேயே வைக்கக்கூடிய மாரிசன் பதுங்கிடம் வந்தது. மேலே இரும்புத் தகடு, பக்கங்களில் கம்பிவலை; பகலில் சாப்பாட்டு மேசை, இரவில் குடும்பம் அதன் அடியில் படுக்கலாம். அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் ஐந்து லட்சம் வழங்கப்பட்டன. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நள்ளிரவில் குளிரில் தோட்டத்துக்கு ஓடியவளுக்கு அந்த மேசை என்னவாக இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

உயிரைக் காக்கும் வேலையில் இவ்வளவு முன்னேறிய அரசு, காயத்துக்கு விலை வைக்கும்போது பழைய இடத்திலேயே நின்றது. 1939இன் தனிநபர் காயங்கள் சட்டம், இழப்பீட்டுக்கு உரியவர்களாக முதன்மையாக வரையறுத்தது ‘வருவாய்த் தொழில்’ உள்ளவர்களையும் குடிமைப் பாதுகாப்புத் தன்னார்வலர்களையும். நாளெல்லாம் சமைத்து, துவைத்து, வரிசையில் நின்று ரேஷன் வாங்கிய இல்லத்தரசி அந்தச் சொல்லாட்சியில் தொழிலற்றவள். வருவாய் உள்ள பெண்ணுக்கோ ஆணைவிடக் குறைவு. இத்திட்டத்தை நடத்திய ஓய்வூதிய அமைச்சகத்தின் தரப்பு எளிமையானது: இழப்பீடு இழந்த சம்பளத்துக்கு ஈடு, பெண்ணின் சம்பளம் குறைவு, ஆகவே ஈடும் குறைவு. ஓர் அநீதியை இன்னோர் அநீதிக்குச் சாட்சியாக நிறுத்தும் தர்க்கம் இது. ஆண் குடும்பத்தைத் தாங்குகிறான் என்ற பதிலும் நிற்கவில்லை. மனைவி மக்களுக்கான படி தனியாகவே கணக்கிடப்பட்டது. வேறுபாடு மணமாகாதவர்களுக்கு இடையிலும் இருந்தது.

நாடாளுமன்றத்தில் பெண்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. ஆனால் இந்த விஷயத்தில் கட்சி வேலி தாண்டிச் சேர்ந்தார்கள். தொழிற்கட்சியைச் சேர்ந்த மருத்துவர் எடித் சம்மர்ஸ்கில், கன்சர்வேடிவ் கட்சியின் மேவிஸ் டேட் இருவரும் முன்னணியில் நின்றார்கள். 1941இல் பெண்கள் அமைப்புகள் கூடிச் சம இழப்பீட்டுக்கான பிரச்சாரக் குழுவை அமைத்தன.

1942இல் அரசே அவர்களுக்கு வலுவான வாதத்தைக் கையில் கொடுத்தது. 1940 டிசம்பர் 29 இரவு லண்டன் நகரின் மையம் தீக்குண்டுகளால் எரிந்தபின், கட்டடங்களில் தீக்காவல் ஆண்களுக்குக் கட்டாயமாகியிருந்தது. ஆள் போதாமல் 1942இல் அந்தக் கட்டாயம் 20 முதல் 45 வயதுப் பெண்களுக்கும் வந்தது. பகல் முழுவதும் வேலை, வீடு திரும்பினால் அடுப்பு, இடையே இருட்டுத் தெருவில் நடந்து வந்து அந்நிய ஆண்களோடு ஒரே கட்டடத்தில் இரவுக் காவல். பெண்கள் மத்தியில் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஆணையை ஆதரித்து வாதாட வேண்டிய இடத்தில் இருந்தவர் எல்லன். சம ஆபத்தைப் பெண்கள் ஏற்க வேண்டும் என்றது அவருடைய அமைச்சகம். சம ஈடு முடியாது என்றது அரசு. அரசுப் பொறுப்பில் ஒரு பெண் அமர்வது பெண்களுக்கான நீதிக்குப் போதுமானதல்ல என்பதை எல்லனின் இக்கட்டு காட்டுகிறது. அதற்காக அவருடைய பதுங்கிட வேலையைச் சிறுமைப்படுத்த வேண்டியதுமில்லை.

1942 நவம்பரில் மன்னர் உரைமீதான விவாதத்தில் மேவிஸ் டேட் சம இழப்பீடு கோரித் திருத்தம் கொண்டுவந்தார். 95 பேர் ஆதரித்தார்கள். 229 பேர் எதிர்த்தார்கள். தோல்விதான். ஆனால் போரின் நடுவில், கூட்டணி அரசுக்கு எதிராக 95 வாக்குகள் என்பதை அரசால் புறந்தள்ள முடியவில்லை. தெரிவுக் குழு அமைந்தது. அது சமத்துவத்தைப் பரிந்துரைத்தது. 1943 ஏப்ரலில் அரசு இறங்கிவந்தது. அந்த ஏழு ஷில்லிங் வேறுபாடு ஒழிந்தது.

ஏழு ஷில்லிங்குக்காக அரசு ஏன் அவ்வளவு பிடிவாதம் பிடித்தது? காயம்பட்ட உடல்கள் சமம் என்று ஒப்புக்கொண்டால், உழைக்கும் உடல்கள் ஏன் சமமில்லை என்ற கேள்வி அடுத்து வரும். அந்த அச்சம் பொய்யல்ல. 1944இல் மேவிஸ் டேட் தலைமையில் சம ஊதியப் பிரச்சாரக் குழு உருவானது. அந்த ஆண்டு மார்ச்சில், கல்வி மசோதாவில் ஆசிரியர்களுக்குச் சம ஊதியம் என்ற திருத்தம் 117க்கு 116 என ஒரே வாக்கில் வென்றது. சர்ச்சில் அதைத் தன் அரசின் மீதான நம்பிக்கை வாக்கெடுப்பாக்கினார். இரண்டே நாளில் அது தோற்கடிக்கப்பட்டது. காயத்தில் சமத்துவம் தர முடிந்த அரசுக்குக் கூலியில் தர முடியவில்லை. பிரிட்டனின் சம ஊதியச் சட்டம் 1970இல்தான் வந்தது. நடைமுறைக்கு வர 1975 முடிய வேண்டியிருந்தது.

1945 மே மாதம், ஐரோப்பாவில் போர் ஓய்ந்ததும், உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகம் கலைக்கப்பட்டது. தீயணைப்புப் படையிலிருந்த பெண்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். லண்டன் தீயணைப்புப் படை தீயை எதிர்கொள்ளும் முழுநேரப் பணிக்கு ஒரு பெண்ணை எடுக்க 1982 வரை ஆனது. வண்டி ஓட்டி, தொலைபேசியில் இருந்து, தீக்கு நடுவே பெட்ரோல் கொண்டுபோன தலைமுறையின் தகுதி, சங்கு அடங்கியதும் காலாவதியாகிவிட்டது.

போர் முடிந்தபோது வான்தாக்குதல்களில் மாண்ட பிரிட்டிஷ் குடிமக்களின் எண்ணிக்கை 60,595. அவர்களில் ஆண்கள் 26,923, பெண்கள் 25,399, குழந்தைகள் 7,736. எஞ்சிய 537 பேரை இன்னாரென்று வகைப்படுத்தவே முடியவில்லை. சாவில் இருந்த இந்தக் கிட்டத்தட்டச் சமத்துவத்துக்கு எந்த மசோதாவும் தேவைப்படவில்லை. உயிரோடு மிஞ்சியவர்களுக்கான சமத்துவத்தைத்தான் ஒவ்வொரு ஷில்லிங்காக வாதாடி வாங்க வேண்டியிருந்தது.

பேரிடர் எல்லோரையும் சமமாக்கிவிடும் என்று சொல்வார்கள். பேரிடர் யாரையும் சமமாக்குவதில்லை. அதற்கு முன்பிருந்த கணக்கையே அது வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது. ஆகவே ஓர் அரசின் பாதுகாப்புத் திட்டத்தைப் படிக்கும்போது எத்தனை பேரைக் காப்பாற்றும் என்பதோடு மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும். யாருடைய வேலைக்குக் கூலி, யாருடையதற்கு நன்றி? யார் ‘தொழில் உள்ளவர்’? ஒரு கை போனால் யாருடைய கைக்கு என்ன விலை?