மூன்று பைற்று கூடியதால் விழுந்த கணினிகள்



போன கிழமை ஐசிடி லேபில் பிள்ளைகளுக்கு பிங் கட்டளையைக் காட்டிக்கொண்டிருந்தோம். ஒரு கணினி இன்னொன்றிடம் "இருக்கிறாயா?" என்று கேட்கும், மற்றது "இருக்கிறேன்" என்று சொல்லும். அவ்வளவுதான் பிங். 1983 டிசம்பரில் அமெரிக்க இராணுவ ஆய்வுகூடமொன்றில் மைக் மூஸ் என்பவர் ஒரே இரவில் எழுதியது. எங்கள் மாணவன் ஒருவன் செய்தியின் அளவை 70,000 என்று அடித்தான். விண்டோஸ் மறுத்துவிட்டது, 65,500 வரைதானாம். "ஏன் சேர் அந்த இலக்கம்?" என்றான்.

நல்ல கேள்வி. இணையத்தில் போகும் ஒரு பொதி 65,535 பைற்றைத் தாண்டக் கூடாது என்பது 1981இல் எழுதிய விதி. பெரிய பொதியைத் துண்டு துண்டாக அனுப்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் ஒட்டிக்கொள்வார்கள். விண்டோஸ் 95இன் பிங் 65,510 என்ற அளவையும் ஏற்றுக்கொண்டது. அதோடு பிங்கின் தலைப்பு 8, பொதியின் தலைப்பு 20. கூட்டிப் பாருங்கள்: 65,538. மூன்று பைற்று அதிகம்.

விடைத்தாள் திருத்தும் எங்களுக்கு இது நன்றாக விளங்கும். ஒவ்வொரு வினாவுக்கும் போட்ட புள்ளி சரியாகத்தான் இருக்கும், கூட்டினால் 103 வரும். துண்டுகளும் அப்படித்தான். சுமார் 45 துண்டு, தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றிலும் பிழையில்லை. ஒட்டுகிற செய்நிரல் மொத்தத்தைக் கூட்டிப் பார்க்கவில்லை. ஒதுக்கிய இடம் முடிந்த பிறகும் எழுதிக்கொண்டே போனது, பக்கத்திலிருந்த நினைவகத்தின் மேல். அந்தச் செய்நிரல் இருப்பதோ பணிசெயல் முறைமையின் அடிமடியான கேர்னலில். சாதாரண மென்பொருள் ஒன்று விழுந்தால் அதை மூடிவிட்டு வேலையைத் தொடரலாம். கேர்னல் விழுந்தால் முழுக் கணினியும் உறைந்துவிடும், அல்லது தானாக மறுபடி தொடங்கும்.

1996 கடைசியில் இது வெளியில் வந்தபோது "மரண பிங்" என்று பெயர் வைத்தார்கள். டிசம்பர் 18இல் அமெரிக்காவின் சேர்ட் நிலையம் எச்சரிக்கை விட்டது. விண்டோஸ், லினக்ஸ், மெக், சொலாரிஸ், ஏன், சில பிரின்டர்கள்கூட மாட்டிக்கொண்டன. ஹேக்கர் என்றால் பெரிய மூளைசாலி என்று நினைக்கிறோமே, இதற்குத் தேவைப்பட்டது வீட்டுக் கணினியில் ஒரே ஒரு வரி.

பலர் பயந்து பிங்கையே தடுத்தார்கள். அது போதாது, ஏனென்றால் பிழை பிங்கில் இல்லை. ஒட்டுகிற இடத்தில்தான் இருந்தது, வேறு பொதியாலும் அதைத் தொடலாம். உண்மையான திருத்தம் மிகச் சிறியது: துண்டு தொடங்கும் இடத்தையும் அதன் நீளத்தையும் கூட்டு, 65,535ஐத் தாண்டினால் துண்டை எறி. தரம் மூன்று பிள்ளைக்கும் தெரிந்த கூட்டல்.

எங்களுக்குக் கவலை தந்தது அடுத்த பகுதிதான். 2013 ஓகஸ்டில் விண்டோஸுக்கு மறுபடியும் இதே மாதிரி ஒரு திருத்தம் வந்தது. இந்த முறை புதிய ஐபிவி6இன் பிங். வரும் பொதிக்கு நினைவகம் ஒதுக்குவதில் தவறு. பதினேழு வருடத்துக்குப் பிறகு!

பலகையில் இதையெல்லாம் கூட்டிக் காட்டியபோது அந்த மாணவன் விரலை மடக்கி எண்ணிவிட்டுச் சொன்னான்: "அப்ப 65,507 வரைக்கும் விடலாமே சேர்."

விடலாம். லினக்ஸில் எல்லை அதுதான்.