வின்செஸ்டர் 1892 துப்பாக்கியின் காலிபர் மாற்றம்

வின்செஸ்டர் 1892 என்னும் நெம்புகோல் துப்பாக்கியை, அது உருவான காலத்தில் இல்லாத தோட்டாக்களைச் சுடும்படி திருத்தி அமைக்கும் பட்டறைப் பணி இது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் பரவலாக நடந்தது.

இதற்கு இடமளித்தது துப்பாக்கியின் பூட்டமைப்பே. முந்தைய 1873 மாதிரியில், முழங்கால்போல் மடங்கி நிமிரும் இணைப்புகளே தோட்டாவின் பின்னுதைப்பைத் தாங்கின. கரிமருந்துத் தோட்டாவுக்கு அது போதுமானதாக இருந்தது. யூட்டாவைச் சேர்ந்த ஜான் மோசஸ் பிரௌனிங் 1886 மாதிரியில் அம்முறையைக் கைவிட்டார். கைப்பிடி நெம்புகோலை மூடும்போது இரண்டு எஃகுக் கட்டைகள் செங்குத்தாக மேலேறி, பூட்டுத்தண்டின் இருபுறமும் சட்டகத்தோடு பிணைந்து நிற்கும். பெரிய வேட்டைத் தோட்டாக்களுக்கான அந்த வடிவத்தைச் சிறிதாக்கியதே 1892 மாதிரி. .44-40, .38-40, .32-20 தோட்டாக்களுக்கு வெளிவந்தது; .25-20 பின்னர் சேர்ந்தது. 1941 வரை 10 லட்சத்துக்கும் மேல் உற்பத்தியாயின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் துப்பாக்கி வடிவங்களில் இதைவிடச் செம்மையான பூட்டு அரிது.

கரிமருந்தின் கசடாலும் அரிக்கும் பற்றுமருந்தாலும் பல குழல்களின் உட்புறம் குழிவிழுந்தது. பழைய தோட்டாக்களும் கடைகளில் அருகின. 1935இல் .357 மேக்னம் தோட்டாவும் 1950களின் நடுவில் .44 மேக்னம் தோட்டாவும் வந்தபோது, அவற்றின் முழுநீளம் 1.6 அங்குலத்தை ஒட்டியே இருந்தது; .44-40இன் நீளமும் ஏறத்தாழ அதுவே. ஆகவே தோட்டாவை மேலே தூக்கும் பகுதியைப் பெரிதாக மாற்ற வேண்டியதில்லை. .32-20 துப்பாக்கியின் குழலை அகலப்படுத்தியோ புதுக்குழல் பொருத்தியோ .357 ஆக்கினார்கள்; .44-40 துப்பாக்கி .44 மேக்னம் ஆயிற்று. தோட்டா விளிம்பைப் பற்றி இழுக்கும் கொக்கி, வழிகாட்டித் தகடுகள் ஆகியவற்றையும் புதிய விளிம்புக்கு ஏற்பத் திருத்த வேண்டும். கைத்துப்பாக்கிக்கும் நீள்துப்பாக்கிக்கும் ஒரே தோட்டா என்ற வசதி இதனால் மீண்டும் கிடைத்தது; கோல்ட் நிறுவனம் 1878இல் .44-40க்குக் கைத்துப்பாக்கி செய்ததும் இதற்காகவே.

.44 மேக்னத்தின் அழுத்தம் .44-40ஐப்போல் மூன்று மடங்குக்கும் மேல். பூட்டு தாங்கினாலும், 1890களின் எஃகு அதற்காகப் பதப்படுத்தப்பட்டதன்று. ஆகவே, தேய்ந்த துப்பாக்கிக்குத் தகுந்த மாற்றம் .357 மட்டுமே. தொழிற்சாலைக் குழல் கெடாமல் இருக்கும் துப்பாக்கியை மாற்றுவது வரலாற்றுச் சான்றை அழிப்பதாகும்.

இப்போது பிரேசிலின் ரோசி போன்ற நிறுவனங்கள் இதே வடிவைப் புதிய தோட்டாக்களுக்குச் செய்து விற்கின்றன.