இந்துமதி கதிரேசன்

இந்துமதி கதிரேசன் (பிறப்பு: 1994, கடலூர்) இந்திய மகளிர் கால்பந்து அணிக்காக ஆடிய நடுக்கள ஆட்டக்காரர்; தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2023-24 பருவத்தின் சிறந்த வீராங்கனை என்று அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு இவரைத் தேர்ந்தெடுத்தது. பெயரில் பின்னால் வருவது குடும்பப் பெயர் அன்று, தந்தையின் பெயர். நம் ஊர் வழக்கப்படி க. இந்துமதி என்றுதான் எழுத வேண்டும். தேசிய அணிப் பட்டியல்களில் 'இந்துமதி கதிரேசன்' என்பதே நிலைத்துவிட்டது. இக்கட்டுரையும் அதையே கொள்கிறது.

கடலூரும் பந்தும்

இந்தியாவில் மகளிர் கால்பந்து என்றாலே மணிப்பூர். தேசிய மகளிர் சாம்பியன் பட்டம் 1990களின் தொடக்கத்திலிருந்து பெரும்பாலான ஆண்டுகளில் அந்தச் சிறு மாநிலத்துக்கே போயிற்று. தமிழ்நாட்டில் பந்து என்றால் சென்னையின் வங்கி அணிகளும் அலுவலக அணிகளும் நினைவுக்கு வரும். அவை ஆண்களின் அணிகள். பெண்களின் ஆட்டத்துக்கு அடித்தளம் இட்டதில் பெரும் பங்கு சென்னைக்கு வெளியே இருக்கும் ஊர்களுடையது. அவற்றுள் கடலூரை முதலில் வைக்கலாம்.

அதற்கான காரணம் மகிழ்ச்சியானது அன்று. 2004 டிசம்பர் 26 காலையில் வந்த ஆழிப்பேரலை கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம் முதல் சிதம்பரத்துக்குக் கிழக்கே கிள்ளை, எம்.ஜி.ஆர். திட்டு வரை மீனவர் குப்பங்கள் சிதைந்தன. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காகக் கடலூரில் அரசு ஒரு காப்பகம் திறந்தது. அங்கே வளர்ந்த சிறுமிகளுக்கும் சுற்றுவட்டார ஏழைக் குடும்பங்களின் சிறுமிகளுக்கும் பந்து பழக்கியவர் பயிற்சியாளர் மாரியப்பன். அந்த முயற்சியோடு சேர்ந்து வளர்ந்ததே கடலூரின் இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்விக் கழகம். அதிகாலையிலும் மாலையிலும் மைதானம், நடுவில் பள்ளி, பிறகு கல்லூரி. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் இடம், அதன் வழியாக ஒரு வேலை என்பதே வீட்டார் பெண்ணை மைதானத்துக்கு அனுப்பச் சம்மதித்ததற்கான நடைமுறைக் காரணம்.

இந்தக் கழகம் உள்ளூர்ப் போட்டிகளோடு நின்றுவிடவில்லை. 2017-18 பருவத்தில் இந்திய மகளிர் லீக்கின் இறுதிச் சுற்றில் ஆடிய ஏழு அணிகளுள் இதுவும் ஒன்று. ஷில்லாங்கில் நடந்த அந்தச் சுற்றில் மற்ற அணிகள் பெரும்பாலும் பெயர்பெற்ற கிளப்புகள். அவற்றுக்கு நடுவே மாவட்டத் தலைநகர் ஒன்றின் பயிற்சிக் கழகம் நின்றது. சுமித்ரா காமராஜ், பண்ருட்டியைச் சேர்ந்த சந்தியா ரங்கநாதன் என்று இந்திய அணிக்குப் போன வேறு பெயர்களும் இதே மாவட்டத்திலிருந்து வந்தவை. இந்துமதியை ஒரு தனி அதிசயமாகப் பார்க்காமல் இந்த வரிசையில் வைத்துப் பார்ப்பதே சரி.

நடுக்களம்

பழைய ஆட்டக்காரர்கள் 'ஹாஃப்' என்பார்கள். இன்று எல்லோரும் 'மிட்ஃபீல்டர்' என்கிறார்கள். தடுப்பாட்டத்துக்கும் முன்கள ஆட்டத்துக்கும் இடையே நின்று, பின்னாலிருந்து வரும் பந்தை வாங்கி முன்னால் கொடுப்பதுதான் அடிப்படை வேலை. கோல் அடித்தவர் பெயர் மறுநாள் செய்தித்தாளில் வரும், கோல் காத்தவர் பெயரும் வரும். 90 நிமிடமும் அதிகமாக ஓடியவர் பெயர் பல நேரங்களில் வராது.

இப்படி ஓர் இடம் ஆட்டத்தில் உருவானதற்கு ஸ்காட்லாந்துக்காரர்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். தொடக்கக் கால ஆங்கிலேயர் பந்தைக் காலோடு ஒட்டிவைத்துக்கொண்டு, எதிரே வருபவரை ஒவ்வொருவராக ஏய்த்துக்கொண்டு ஓடுவார்கள். மற்றவர்கள் பின்னாலேயே ஓடுவார்கள். 1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோவில் நடந்த உலகின் முதல் சர்வதேசப் போட்டியில் ஸ்காட்லாந்துக்காக இறங்கிய 11 பேரும் குயின்ஸ் பார்க் என்ற ஒரே கிளப்பைச் சேர்ந்தவர்கள். உடல் பருமனில் ஆங்கிலேயர் ஒருபடி மேல். அவர்களை ஸ்காட்லாந்துக்காரர்கள் பந்தை ஒருவருக்கொருவர் தட்டிக்கொடுத்தே சமாளித்தார்கள். ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தாலும் 'பாஸ்' கொடுத்து ஆடும் முறை அங்கிருந்து பரவியது. பந்து கைமாறும் இடம் நடுக்களம் ஆயிற்று.

இந்துமதி பந்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு நின்றுவிடும் ரகம் அல்ல. கொடுத்த பந்தின் பின்னாலேயே எதிரணிப் பெட்டிக்குள் ஓடிப் போகும் பழக்கம் அவருக்கு உண்டு. நடுக்கள ஆட்டக்காரர் ஒருவரின் பெயர் தெற்காசிய சாம்பியன் போட்டிகளின் இறுதியிலும் அரையிறுதியிலும் கோல் பட்டியலில் வந்ததற்குக் காரணம் அதுவே.

தெற்காசியப் பட்டங்கள்

2016 டிசம்பரில் தொடங்கி 2017 ஜனவரியில் முடிந்த தெற்காசிய மகளிர் சாம்பியன் போட்டி சிலிகுரியில் நடந்தது. அரையிறுதியில் நேபாளத்தை இந்தியா 3-1 என வென்றபோது கோல் அடித்தவர்களில் இந்துமதி ஒருவர். ஜனவரி 4 அன்று நடந்த இறுதிப் போட்டியில் எதிரணி வங்கதேசம். லீக் சுற்றில் இதே அணி இந்தியாவைக் கோல் அடிக்கவிடாமல் நிறுத்தியிருந்தது. டங்மெய் கிரேஸ் முதல் கோல் போட, இடைவேளைக்கு முன்பே வங்கதேசம் சமன் செய்தது. இரண்டாம் பாதியில் சஸ்மிதா மாலிக்கின் பெனால்டி இந்தியாவை மறுபடி முன்னால் கொண்டுவந்தது. சில நிமிடங்களில் இந்துமதி மூன்றாவது கோலை அடித்து ஆட்டத்தை முடித்துவைத்தார். 3-1.

அடுத்த போட்டி 2019 மார்ச்சில் நேபாளத்தின் விராட்நகரில். அரையிறுதியில் மீண்டும் வங்கதேசம். இம்முறை இழுபறிக்கு இடமே இல்லை: 4-0. அவற்றுள் இரண்டு கோல்கள் இந்துமதியுடையவை, இரண்டும் முதல் பாதியிலேயே. இறுதிப் போட்டியில் சொந்த மண்ணில் ஆடிய நேபாளத்தை இந்தியா 3-1 என வென்று தொடர்ந்து ஐந்தாவது முறையாகப் பட்டம் பெற்றது. போட்டி தொடங்கிய 2010 முதல் அதுவரை வேறு எந்த நாடும் அந்தக் கோப்பையைத் தொட்டதில்லை. 2022-ல் அரையிறுதியில் நேபாளம் இந்தியாவை வீழ்த்தியதோடு அந்த வரிசை முடிந்தது.

கட்டாக்கும் லூதியானாவும்

இந்திய அணிச் சட்டையைவிடத் தமிழ்நாட்டுச் சட்டை போட்டு வென்ற ஆட்டங்களே இந்த மாநிலத்தின் மகளிர் கால்பந்துக்குப் பெரிய திருப்பமாயின. 2018 பிப்ரவரியில் ஒடிசாவின் கட்டாக்கில் நடந்த தேசிய மகளிர் சாம்பியன் போட்டியின் இறுதியில் தமிழ்நாடு மணிப்பூரை 2-1 எனத் தோற்கடித்தது. மாநிலத்துக்கு அது முதல் பட்டம். அதுவும் வேறு யாரையோ வென்று பெற்றது அன்று. பட்டத்தைத் தன் வீட்டுச் சொத்துபோல் வைத்திருந்த மணிப்பூரையே வென்று பெற்றது.

மறு ஆண்டு மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக்கில் இறங்கியபோது அந்த அணியின் நடுக்களத்தில் இந்துமதி இருந்தார். 2019 மே 22 அன்று லூதியானாவில் நடந்த இறுதிப் போட்டியில் சேது அணி மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என வென்றது. அமிர்தா அரவிந்த் அப்போது சேதுவின் பயிற்சியாளர். பெண் பயிற்சியாளர் ஒருவரின் கீழ் வந்த பட்டம். அதே பருவத்தில் ஆண்களின் ஐ-லீக்கைச் சென்னை சிட்டி எஃப்.சி. வென்றிருந்தது. ஒரே பருவத்தில் இரு லீக்குகளின் கோப்பையும் தமிழ்நாட்டுக்கு வந்தன. கிரிக்கெட்டில் இதுபோல் ஒன்று நடந்திருந்தால் ஊரெங்கும் சுவரொட்டி ஒட்டியிருப்பார்கள்.

காக்கிச் சட்டை

விளையாட்டு ஒதுக்கீடு இந்துமதியைக் காவல்துறையில் உதவி ஆய்வாளர் ஆக்கியது. மகளிர் லீக் ஆண்டுக்குச் சில வாரங்களே நடந்த காலம் அது. லீக் சம்பளத்தை நம்பி யாரும் குடும்பம் நடத்த முடியாது. ரயில்வே, காவல்துறை, துணை ராணுவப் படை என்று ஏதாவது ஓர் அரசுப் பணிதான் இந்திய மகளிர் கால்பந்தை உண்மையில் தாங்கி நின்றது. லூதியானா இறுதிப் போட்டியில் எதிரே நின்றதே ஒரு போலீஸ் அணி என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது முகாம்களும் போட்டிகளும் நின்றன. சக வீராங்கனைகள் வீட்டு மாடியில் பந்து தட்டிக்கொண்டிருந்தபோது இந்துமதிக்குச் சென்னை அண்ணா நகர்ப் பகுதியில் ரோந்துப் பணி. வெளியே சுற்றுபவர்களை வீட்டுக்கு அனுப்புவது, வாகனங்களைச் சோதிப்பது என்று நாள் போனது. இந்தியச் சட்டை போட்டவர் முகக்கவசத்தோடு சாலைச் சந்திப்பில் நின்ற செய்தி அந்த நாட்களில் நாடெங்கும் பரவியது. அவர் இரண்டு தெற்காசியப் பட்டங்கள் பெற்ற அணியில் இருந்தவர் என்பது பலருக்கு அப்போதுதான் தெரியவந்தது.

ஆடாமல் போன ஆட்டம்

2021-ல் ஸ்வீடனைச் சேர்ந்த தாமஸ் டென்னர்பி இந்திய அணியின் பயிற்சியாளரானார். அவர் அணியை வெளிநாடுகளுக்குக் கொண்டுபோய் வலுவான எதிரிகளோடு ஆடவைத்தார். அந்த ஆண்டு நவம்பரில் மனவுஸ் நகரில் பிரேசிலோடு ஆடிய ஆட்டம் 6-1 எனத் தோல்வியில் முடிந்தாலும், இந்தியாவின் ஒரே கோலை மனிஷா கல்யாண் அடித்தது பெரும் செய்தியானது. ஏழு உலகக் கோப்பைகள் கண்ட பிரேசிலின் நடுக்கள ஆட்டக்காரர் ஃபோர்மிகா விடைபெற்ற ஆட்டமும் அதுவே.

இந்தப் பயிற்சியெல்லாம் 2022 ஜனவரியில் இந்தியாவிலேயே நடக்கவிருந்த ஆசியக் கோப்பைக்காக. இந்துமதி 23 பேர் கொண்ட அணியில் இருந்தார். கோப்பையில் நன்றாக ஆடினால் 2023 உலகக் கோப்பைக்குப் போகும் வாய்ப்பு இருந்தது. ஜனவரி 20 அன்று நவி மும்பையில் ஈரானோடு கோல் இல்லாத சமநிலை. மூன்று நாள் கழித்துச் சீன தைபேவை எதிர்கொள்ள வேண்டிய மாலையில் இந்திய அணியில் பலருக்குக் கொரோனா உறுதியானது. களமிறக்க 13 பேர்கூட இல்லை. ஆட்டம் ரத்தானது, விதிகளின்படி இந்தியா போட்டியிலிருந்தே விலகியதாகக் கொள்ளப்பட்டது. முதல் ஊரடங்கில் தெருவில் நின்று காவல் காத்தவருக்கு, அந்த நோயே வாழ்நாளின் பெரிய போட்டியை மூடிவிட்டது. தோற்று வெளியேறியிருந்தால் ஆற்றிக்கொள்ள ஒரு வழி இருந்திருக்கும்.

பிந்தைய ஆண்டுகள்

2022-23-ல் கோகுலம் கேரளா அணிக்காக ஆடினார். அந்த அணி தொடர்ந்து மூன்றாவது முறையாக மகளிர் லீக்கை வென்ற பருவம் அது. அதே 2023-ன் ஜூனில் அமிர்தசரஸில் நடந்த தேசிய சாம்பியன் போட்டி இறுதியில் ஹரியாணாவை 2-1 என வீழ்த்தித் தமிழ்நாடு இரண்டாவது முறையாகப் பட்டம் பெற்றது.

அடுத்து ஒடிசா எஃப்.சி. 2023-24-ல் மகளிர் லீக் முதன்முறையாகச் சொந்த மைதானம், எதிரணி மைதானம் என்று மாறிமாறி ஆடும் முறைக்கு வந்தது. ஒரே ஊரில் எல்லா அணிகளையும் கூட்டிச் சில வாரங்களில் முடித்துவிடும் பழைய ஏற்பாட்டில் ஒரு நல்ல வாரம் வாய்த்தால் கோப்பை கிடைக்கும். புதிய முறையில் மாதக்கணக்கில் ஒரே தரத்தில் ஆட வேண்டும். நடுக்களத்தில் சலிக்காமல் ஓடுபவருக்கு ஏற்ற ஏற்பாடு. டிசம்பரில் தொடங்கி மார்ச் வரை நீண்ட அந்தப் பருவத்தில் ஒடிசா, இந்துமதியின் முந்தைய அணியான கோகுலத்தை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிப் பட்டத்தைப் பறித்தது. பருவ முடிவில் கூட்டமைப்பின் விருதும் வந்தது. அதே ஆண்டு ஆண்களுக்கான விருதைப் பெற்றவர் மிசோரத்தின் லாலியன்சுவாலா சாங்தே. பெண்களுக்கான பட்டியலில் இந்துமதிக்கு முன்னால் இருக்கும் பெயர்களில் மணிப்பூரின் பாலா தேவி, ஒடிசாவின் சஸ்மிதா மாலிக், அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் விருதைத் தன்னிடமே வைத்திருந்த பஞ்சாபின் மனிஷா கல்யாண் ஆகியோர் உண்டு. அவர்களுள் பாலாவும் மனிஷாவும் கோல் அடிப்பதற்காகவே பேசப்பட்டவர்கள்.