மாணிக்கமும் தண்டவாளமும்

மல்லசமுத்திரம் பக்கத்தில் விசைத்தறிகள் ஓடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். பாவு ஏற்றிய தறியில் ஊடையை மாற்றிப் பல சேலைகள் நெய்யப்படுகின்றன. ஒவ்வொரு சேலைக்கும் யாரும் புதுத்தறி செய்வதில்லை. கணிப்பொறித் துறையிலும் இத்தகைய தறிகள் உண்டு. அவற்றைச் சட்டகங்கள் என்பர். அவற்றுள் ஒன்றின் வரலாற்றைக் காண்போம்.

ஜப்பானியரான யுகிஹிரோ மட்சுமோட்டோ 1993-ல் ஒரு கணிப்பொறி மொழியை உருவாக்கத் தொடங்கி, 1995-ல் வெளியிட்டார். அதன் பெயர் ரூபி. மாணிக்கம் என்பது பொருள். எந்திரத்தின் வசதியைவிட, நிரல் எழுதுபவரின் மகிழ்ச்சியே முதன்மையானது என்பது அவர் கருத்து.

டென்மார்க்கைச் சேர்ந்த டேவிட் ஹைனமையர் ஹான்சன், 2004-ல் இம்மொழியில் ஓர் இணையச் சட்டகத்தை அமைத்து, யாவருக்கும் இலவசமாக அளித்தார். தண்டவாளம் எனப் பொருள்படும் ரெயில்ஸ் என்பது அதன் பெயர். வழக்கம் ஒன்று இருக்குமானால் விளக்கம் வேண்டியதில்லை என்பது அவர் கொள்கை. ‘மாணவர்’ என்று ஒரு வகையைக் குறிப்பிட்டால், ‘மாணவர்கள்’ என்ற அட்டவணையைச் சட்டகமே தேடிக்கொள்ளும். எழுதும் வேலை பெரிதும் குறைகிறது.

இவ்வசதி இலவசமன்று. ரூபி நிரலை, அது ஓடும்போதே மற்றொரு நிரல் படித்து இயக்குகிறது. ஆகவே, முன்னதாகவே எந்திர மொழிக்கு மாற்றப்படும் நிரல்களைவிடப் பொதுவாக இது மெதுவானது. 2006-ல் ரெயில்ஸைக் கொண்டு தோன்றிய ட்விட்டர், பின்னர்ப் பல பகுதிகளை ஸ்காலா, ஜாவா மொழிகளுக்கு மாற்றியது. ரெயில்ஸ் பெரும் பாரம் தாங்காது என்ற பேச்சும் பரவியது.

சென்னையில் நடந்ததைப் பாருங்கள். 2010-ல் கிரீஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் ஃபிரெஷ்டெஸ்க் நிறுவனத்தைத் தொடங்கினர். வாடிக்கையாளரின் குறைகளைக் கவனிக்க உதவும் அவர்களது மென்பொருள் ரெயில்ஸில் அமைந்தது. பயன்படுத்துவோர் பெருகியபோது நெருக்கடி வந்தது. ஆனால் முடிச்சு விழுந்த இடம் தரவுத்தளம். எனவே தரவுகளை வாடிக்கையாளர் வாரியாகப் பல தளங்களில் பிரித்து வைத்தனர். ஃபிரெஷ்ஒர்க்ஸ் எனப் பெயர் மாறிய அந்நிறுவனம், 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது.

தொடர் மின்சுற்றை நினைவுகூருங்கள். பெரிய மின்தடை ஒன்று இருக்க, சிறிய மின்தடையைக் குறைப்பதால் மின்னோட்டம் அதிகம் உயராது. கணிப்பொறியிலும் அப்படியே. எந்த மொழி சிறந்தது என்று வாதிடுமுன், நேரம் எங்கே செலவாகிறது என்று அளந்து பாருங்கள். எந்திரத்தின் நேரத்தோடு எழுதுபவரின் நேரத்தையும் அக்கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.