கிட்டாரின் சத்தம் ஏன் மெலிகிறது? ஒரு பிக்கப்பின் வரலாறு

மின் கிட்டார் வைத்திருக்கும் எமதூர்ப் பிள்ளைகள் எம்மிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சேர், பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்புக்கு மாத்தினா சத்தம் மெலிஞ்சு போகுது, தகரத்தில தட்டுற மாதிரி இருக்கு. எந்தப் பிக்கப்ப வாங்கிப் போட்டாச் சரிவரும்?"

நாம் விஞ்ஞானம் படிப்பிப்பவர்கள், கிட்டார் வாசிப்பவர்கள் அல்லர். ஆனாலும் இந்தக் கேள்விக்குள் தரம் 11 மின்காந்தத் தூண்டல் பாடம் முழுவதும் இருக்கிறது. அதோடு ஒரு நல்ல வரலாறும் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து ஒரு பிக்கப் எடுப்பிப்பது சின்னச் செலவல்ல. பிழையாக வாங்கிவிட்டால் திருப்பி அனுப்புவதும் இலேசல்ல. எனவே காசைக் கட்டுவதற்கு முன் இந்தக் கதையைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள், பெற்றோரும்தான்.

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பி சுற்றப்பட்ட ஒரு சுருள். மேலே உருக்குத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் மாறுகிறது, சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. அது அம்ப்ளிஃபையருக்குப் போய்ச் சத்தமாகிறது. பரடே கண்டறிந்த அதே விதிதான். பிரிட்ஜ் என்பது கிட்டாரின் உடலில் தந்திகள் வந்து முடியும் இடம். அந்த இடத்தில் தந்தி ஆட முடியாது. கயிறடிக்கும் பிள்ளைகளைப் பாருங்கள்: கயிற்றின் நடுப்பகுதி உயர எழும்பும், பிடித்திருக்கும் கைக்கு அருகில் அவ்வளவாக அசையாது.

கணக்காகச் சொன்னால், தந்தியின் அடிப்படை அதிர்வு நடுவில் 10 பங்கு ஆடுகிறது என்று வைப்போம். ஃபெண்டர் ஸ்ட்ரட்டோகாஸ்டர் கிட்டாரில் தந்தியின் நீளம் 648 மில்லிமீற்றர். கழுத்துப் பக்கத்துப் பிக்கப் பிரிட்ஜிலிருந்து அதில் கிட்டத்தட்டக் கால் பங்கு தூரத்தில் இருக்கிறது. அங்கே தந்தி 7 பங்கு ஆடும். பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப் இருப்பதோ ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் தூரத்தில். அங்கே வெறும் 2 பங்குதான். அடித்தொனி இப்படிக் குறைந்துபோக, மேற்றொனிகள் மட்டும் அங்கே அந்தளவுக்குக் குறைவதில்லை. விளைவு, கூர்மையும் கீச்சும் மிஞ்சி நிற்கும், உடம்பு இருக்காது. இது கிட்டாரின் பழுது அல்ல. அந்த இடத்தின் இயல்பு.

அப்படியென்றால் அங்கே போய் ஏன் பிக்கப்பை வைத்தார்கள்?

1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜோர்ஜ் பியூசாம்ப் குதிரைலாடக் காந்தம் கொண்ட ஒரு பிக்கப்பை உருவாக்கினார். மடியில் வைத்து வாசிக்கும் ஹவாய் வகைக் கிட்டாருக்காகச் செய்யப்பட்டது அது. அந்தக் கிட்டாரின் உருவத்தைப் பார்த்து 'பொரிக்கும் சட்டி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1936இல் கிப்சன் நிறுவனம் வெளியிட்ட மின் கிட்டாரில் ஒரேயொரு பிக்கப், அதுவும் கழுத்துக்குக் கிட்ட. ஜாஸ் கலைஞர் சார்லி கிறிஸ்டியன் அதை வைத்துத்தான் பெரிய வாத்தியக் குழுவுக்கு நடுவே கிட்டாரின் குரலைக் கேட்க வைத்தார். அவர் 25 வயதில், 1942இல் காலமானார். உருண்டையான, இதமான தொனி அது. மெலிவு என்ற பேச்சே அப்போது எழவில்லை.

கதையைத் திருப்பியவர் லியோ ஃபெண்டர். கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் றேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். கிட்டார் வாசிக்கத் தெரியாதவர்! 1950இல் அவர் வெளியிட்ட கிட்டாரில் பிக்கப்பைப் பிரிட்ஜுக்குப் பக்கத்திலேயே, உருக்குத் தகடொன்றில் சாய்வாகப் பொருத்தினார். அடுத்த ஆண்டு அந்தக் கிட்டாருக்கு ரெலிகாஸ்டர் என்று பெயர் வந்தது. சாய்வுக்குக் காரணம் இருக்கிறது: தடித்த தந்திகளின் பக்கம் பிரிட்ஜிலிருந்து சற்றுத் தள்ளி இருந்தால் அடித்தொனி கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். ஆக, மெலிவு வரும் என்பது அந்த மனிதருக்கு முதல் நாளிலேயே தெரிந்திருந்தது.

ஆனால் அவருக்கு அது குறையாகத் தெரியவில்லை என்பதே எமது கருத்து. நாட்டார் பாணி இசைக் குழுக்கள் நடன மண்டபங்களில் வாசித்த காலம் அது. மடிக் கிட்டாரின் பளீரென்ற தொனிக்குச் செவிகள் பழகியிருந்தன. வயலினுக்கும் டிரம்முக்கும் நடுவே வெட்டிக்கொண்டு வெளியே வரும் சத்தம் வாசிப்பவருக்குத் தேவைப்பட்டது. அவர் கொடுத்தது அதைத்தான்.

1954இல் ஸ்ட்ரட்டோகாஸ்டர் வந்தது, மூன்று பிக்கப்புகளோடு. தொனியை மாற்றும் குமிழ்கள் இரண்டு. ஒன்று கழுத்துப் பிக்கப்புக்கு, மற்றது நடுப் பிக்கப்புக்கு. பிரிட்ஜ் பிக்கப்புக்குக் குமிழே இல்லை! கீச்சைக் குறைக்க மிகவும் தேவைப்படும் இடத்தில் குறைப்பதற்கு வழி வைக்கவில்லை. பழைய முறையில் வயர் போடப்பட்ட கிட்டார்களில் இன்றும் இதே நிலைதான். எம்மிடம் வரும் முறைப்பாடுகளில் பல இதிலிருந்தே தொடங்குகின்றன.

இனி மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகருக்குப் போவோம். கிப்சன் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. அங்கு பணியாற்றிய பொறியியலாளர் சேத் லவருக்கு முன்னால் இருந்த பிரச்சினை மெலிவு அல்ல, இரைச்சல். ஒற்றைச் சுருள் பிக்கப் ஒரு சின்ன அன்ரெனா மாதிரி. மின்மாற்றி, குழல் விளக்கு என்று சுற்றியுள்ள எல்லாவற்றின் 'ம்ம்ம்' என்ற ஓசையையும் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவில் மின்சாரம் செக்கனுக்கு 60 தடவை அதிர்வது, எமது நாட்டில் 50. இரைச்சல் எங்கும் இரைச்சல்தான்.

லவர் இரண்டு சுருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றின் சுற்று மற்றதற்கு எதிர்த்திசையில் சேரும்படி இணைத்தார். காந்த முனைகளையும் எதிரெதிராக்கினார். வெளியிலிருந்து வரும் இரைச்சலுக்குக் காந்த முனை பற்றிய கவலை இல்லை. அது இரு சுருள்களிலும் எதிரெதிராகப் பிறந்து ஒன்றையொன்று அழித்துவிடும். தந்தியின் சமிக்ஞைக்கோ திசை இரு தடவை மாறுவதால் மறுபடி ஒரே பக்கமாகச் சேர்ந்துகொள்ளும். மறை பெருக்கல் மறை நேர் என்று வகுப்பில் சொல்கிறோமே, அதன் உயிருள்ள உதாரணம் இது. 1955 ஜூனில் ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்தார். 1959 ஜூலையில் கிடைத்தது. இரைச்சலை முறியடிப்பது என்ற பொருளில் அதற்கு ஹம்பக்கர் என்று பெயர். இதே காலத்தில் ரே பட்ஸ் என்பவரும் கிட்டார் மேதை செட் அட்கின்ஸுக்காக இதே வழியில் ஒரு பிக்கப்பைச் செய்துகொண்டிருந்தார் என்பதையும் சொல்லாமல் விடுவது நியாயமல்ல.

இரைச்சலுக்குச் செய்த மருந்து மெலிவையும் தீர்த்தது. இரண்டு சுருள்கள் தொடராக இணையும்போது சமிக்ஞை பலமாகிறது. அவை தந்தியை ஒரே புள்ளியில் அல்லாமல் சற்றுத் தள்ளிய இரு இடங்களில் கேட்பதால், மிக உயர்ந்த மேற்றொனிகளில் ஒரு பகுதி தமக்குள்ளேயே அழிந்துபோகிறது. கீச்சு குறைகிறது, நடுத்தொனி தடிக்கிறது.

ஒரு சின்ன வேடிக்கை. விண்ணப்பம் நிலுவையில் இருந்த காலத்தில் பிக்கப்பின் அடியில் 'ஆக்கவுரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்று ஒட்டினார்கள். பின்னர் ஆக்கவுரிமை இலக்கத்தை ஒட்டினார்கள். அந்த இலக்கம் பிக்கப்புக்கு உரியதே அல்ல, லெஸ் போல் என்ற கலைஞர் தந்தி பிடிக்கும் பாகம் ஒன்றுக்காகப் பெற்றது!

சுருள்களைச் சுற்றியவர்களைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். பொறியியலாளரின் பெயர் புத்தகத்தில் வரும், சுற்றிய கைகளின் பெயர் பெரும்பாலும் வராது. தலைமயிர் பருமனுள்ள கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுக்கள் அறுந்துவிடாமல் சுற்றும் வேலை அது. ஃபெண்டரில் அதைச் செய்தவர்களில் பெண்களே அதிகம். அவர்களுள் அபிகெய்ல் இபாரா 1956இல் சேர்ந்து 2013இல்தான் ஓய்வு பெற்றார். ஐம்பது வருடங்களுக்கு மேல்! பிற்காலத்தில் அவர் சுற்றியதற்காகவே பிக்கப்பைத் தேடி வாங்கினார்கள். கையின் இழுவையில் சுற்றுக்களின் எண்ணிக்கையும் நெருக்கமும் மாறுவதால், பழைய பிக்கப்புகளில் இரண்டு ஒரே மாதிரி ஒலிப்பதில்லை.

1960களின் நடுப்பகுதியில் அம்ப்ளிஃபையர்கள் பெருத்தன, இசையும் மாறியது. 1966இல் எரிக் கிளப்டன் ஹம்பக்கர் பொருத்திய லெஸ் போல் கிட்டாரையும் மார்ஷல் அம்ப்ளிஃபையரையும் சேர்த்து ஓர் இசைத்தட்டில் வாசித்தார். கிப்சன் விற்பனை போதாதென்று 1960இல் நிறுத்திவிட்ட கிட்டார் வகை அது. அதன்பிறகு எல்லோருக்கும் அந்தத் தடித்த தொனி வேண்டியிருந்தது. 1950இல் 'பளீர்' என்று புகழப்பட்ட அதே சத்தத்துக்கு இப்போது 'மெலிவு' என்று பெயர் விழுந்தது. பிக்கப் மாறவில்லை, செவிதான் மாறியது.

ஃபெண்டர் நிறுவனமே 1967இல் சேத் லவரைத் தன் பக்கம் அழைத்து ஒரு ஹம்பக்கரைச் செய்வித்தது. 1972இல் நியூயோர்க்கில் லரி டிமார்சியோ, கழற்றி மாற்றுவதற்கென்றே செரமிக் காந்தத்தோடும் கூடுதல் சுற்றுக்களோடும் ஒரு பிக்கப்பை வெளியிட்டார். செய்மோர் டங்கன், ஜெஃப் பெக் என்ற கலைஞருக்காக ஒரு ரெலிகாஸ்டரில் கிப்சன் ஹம்பக்கர்களைச் சுற்றித் திருத்திப் பொருத்திக் கொடுத்தார். பின்னர் 1976இல் சொந்தமாக நிறுவனம் தொடங்கினார். எடி வான் ஹேலன் 50 டொலருக்கு ஓர் உடலும் 80 டொலருக்கு ஒரு கழுத்தும் வாங்கி, தனது இன்னொரு கிட்டாரிலிருந்து கழற்றிய பழைய கிப்சன் பிக்கப்பை மெழுகில் அமிழ்த்தி, பிரிட்ஜ் பக்கத்தில் மரத்திலேயே நேரடியாகத் திருகினார். மெழுகு எதற்கு? சுருள் தளர்வாக இருந்தால் அதிக சத்தத்தில் தானாகவே வீரிடும். 1978இல் அவரது குழுவின் முதல் இசைத்தட்டு வந்தபின், ஸ்ட்ரட்டோகாஸ்டர் உருவமுள்ள கிட்டாரின் பிரிட்ஜில் ஒரு ஹம்பக்கர் என்பது உலக வழக்கமாகிவிட்டது.

இப்போது பிள்ளைகளின் கேள்விக்கு வருவோம். முதலில் காசு செலவில்லாத வேலை: பிக்கப்பின் இரு பக்கத் திருகாணிகளைத் திருகித் தந்திக்குச் சற்றுக் கிட்டக் கொண்டுவாருங்கள், கழுத்துப் பிக்கப்பைக் கொஞ்சம் இறக்குங்கள். மிகவும் கிட்டக் கொண்டுபோனால் காந்தம் தந்தியையே இழுத்துச் சுருதியைக் கெடுக்கும், கவனம். அடுத்தது சில ரூபாய் வேலை: ஸ்ட்ரட்டோகாஸ்டர் வகையென்றால் தொனிக் குமிழ் ஒன்றைப் பிரிட்ஜ் பிக்கப்போடு இணைத்துவிடச் சொல்லுங்கள். பற்றாசு பிடிக்கத் தெரிந்தவருக்குப் பத்து நிமிட வேலை. பாதிப் பேருக்கு இதோடு பிரச்சினை முடிந்துவிடும்.

அதற்கும் சரிவராவிட்டால் மாற்றலாம். அந்தப் பளீர்த் தன்மை பிடித்திருக்கிறது, கொஞ்சம் உடம்பு மட்டும் வேண்டும் என்றால் கூடுதலாகச் சுற்றப்பட்ட ஒற்றைச் சுருள் போதும். தடித்த றொக் தொனிதான் வேண்டுமென்றால் ஹம்பக்கர். விளம்பரத்தில் 'இத்தனை கிலோஓம்' என்று போடுவதைப் பார்த்து மயங்க வேண்டாம். மெல்லிய கம்பியில் சுற்றினாலே தடை கூடிவிடும், அது சத்தத்தின் அளவுகோல் அல்ல. பழைய கிப்சன் ஹம்பக்கர்கள் பெரும்பாலும் 7 முதல் 9 கிலோஓம் வரைதான். அளவுக்கு மீறிப் பலமான பிக்கப்பில் சத்தம் மொத்தமாக இருக்கும், ஆனால் மெதுவாக வாசிப்பதும் அழுத்தி வாசிப்பதும் ஒரே மாதிரிக் கேட்கும். பிரிட்ஜில் உங்கள் தந்திகளுக்கிடையிலான அகலத்தை அளந்துவிட்டு வாங்குங்கள். ஹம்பக்கருக்கு வழக்கமாக 500 கிலோஓம் மாறுந்தடை போடுவார்கள். 250 போட்டாலும் வேலை செய்யும், கீச்சு இன்னும் குறையும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: உளியை எடுக்காதீர்கள். 1970களில் ஹம்பக்கர் ஆசையில் எத்தனையோ பேர் 1950களின் ஸ்ட்ரட்டோகாஸ்டர்களின் மரத்தைக் குடைந்தார்கள். குடையப்படாத அதே கிட்டார்களோடு ஒப்பிட்டால் இன்று அவற்றுக்குக் கிடைப்பது மிகக் குறைந்த விலை. ஒற்றைச் சுருளின் அதே அளவுக் கூட்டுக்குள் அடங்கும் இரட்டைச் சுருள் பிக்கப்புகள் இப்போது கிடைக்கின்றன. பழையதைக் கழற்றி, புதியதை அதே துளையில் திருகிவிடலாம். கழற்றியதை ஒரு டப்பாவில் போட்டுப் பத்திரமாக வையுங்கள்.