நாகதாளியை வென்ற வரலாறு

புதுநாடு புகுவோர் தாம் அறிந்த செடிகொடிகளையும் உடன்கொண்டு செல்லுதல் இயல்பு. அவற்றுட் சில நாட்டை வளம்படுத்தின. சில நாட்டையே விழுங்கின. பின்னதற்குத் தக்க சான்று அவுஸ்திரேலியாவிற் புகுந்த நாகதாளியாகும்.

1788ஆம் ஆண்டில் அங்கு முதற் குடியேற்றத்தை நிறுவிய தேசாதிபதி ஆதர் பிலிப், வழியிற் பிறேசிலில் நாகதாளியையும் அதில் வாழும் கொச்சினீல் பூச்சியையும் பெற்றுச் சென்றார். படைவீரரின் செவ்வுடைக்குச் சாயம் பெறுதலே நோக்கம். அம்முயற்சி நிலைபெறவில்லை. பின்னர் வேறு நாகதாளி இனங்கள் வேலிக்கும் வரட்சிக்காலத் தீவனத்துக்குமாக வளர்க்கப்பட்டன. பறவைகள் வித்தைப் பரப்பின. வெட்டியெறிந்த துண்டுகளும் வேரூன்றின. 1925ஆம் ஆண்டளவில் குவீன்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்சிலும் ஏறத்தாழ 6 கோடி ஏக்கர் நிலத்தை இக்களை கவர்ந்தது. நச்சு மருந்துக்கான செலவு நிலத்தின் விலையினும் மிக்கதாகவே, பலர் மேய்ச்சல் நிலங்களைக் கைவிட்டகன்றனர்.

இதன் இயற்கைப் பகையைத் தேடி 1912இல் ஜோன்ஸ்ரன், ட்றையன் என்னும் அறிஞர் இருவர் உலகப் பயணம் மேற்கொண்டனர். இலங்கையில் அவர்கள் ஒருவகைக் கொச்சினீலைப் பெற்றனர். இப்பூச்சி, சாயந்தரும் உண்மைக் கொச்சினீல் எனத் தவறாகக் கருதப்பட்டு, 1795இல் பிறேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. 1860களில் அங்கிருந்து இலங்கையை அடைந்தது. நற்சாயம் தராவிடினும் நாகதாளியை அது அழித்தது. குவீன்ஸ்லாந்திலும் ‘மொனகாந்தா’ என்னும் இனத்தை அது ஒழித்தது. பெருங்கேடு விளைத்த ‘ஸ்ரிக்ரா’ இனத்தையோ தீண்டவில்லை. காரணம் யாதெனின், அதன் உணவு மொனகாந்தா ஒன்றே. நாகதாளி என்னும் பெயர் பொதுவாயினும் இனம் வேறென்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

ஆகவே தேடல் தொடர்ந்தது. 1925இல் அலன் டொட் என்பவர் ஆர்ஜென்ரீனாவிலிருந்து கக்ரோபிளாஸ்ரிஸ் என்னும் அந்துப்பூச்சியின் முட்டைகளை அனுப்பினார். ஏனைய பயிர்களை அதன் புழு உண்ணாதென்பது சோதித்தறியப்பட்ட பின்னரே, 1926இல் அது வெளியில் விடப்பட்டது. தண்டினுட் புகுந்து குடைந்த புழுக்களால் 1933ஆம் ஆண்டளவில் நாகதாளிக் காடுகளிற் பெரும்பகுதி மடிந்தது. நன்றி மறவாத பூனார்கா மக்கள் 1936இல் அப்பூச்சியின் பெயரால் ஒரு மண்டபம் எழுப்பினர்.

இலங்கையும் கைம்மாறு பெற்றது. 1924இல் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த பிறிதொரு கொச்சினீல் 1926இல் இந்தியாவுக்கும் சென்று, மொனகாந்தாவிலும் வேறான நாகதாளியை அடக்கிற்று.

எனினும் வெற்றி எங்கும் ஒன்றன்று. 1957இல் மேற்கிந்தியத் தீவுகளில் விடப்பட்ட அதே அந்துப்பூச்சி, 1989இல் புளோரிடாவிற் காணப்பட்டது. அங்கே இயல்பாக வளரும் கள்ளியினங்களுக்கு அது கேடாயிற்று. ஓரிடத்தில் மருந்தானது பிறிதோரிடத்தில் நோயாயிற்று. களையை இனங்காணுதல் மட்டும் போதாது. அது வளரும் நிலத்தையும் அறிந்தே மருந்தைத் தெரிதல் வேண்டும்.