சூரியன் எழாத தைப்பொங்கல்: வட நோர்வேயின் குளிர்காலக் கதை

நோர்வேயின் பெயர் இலங்கைப் பத்திரிகைகளின் முதற்பக்கங்களில் இடையறாது இடம்பெற்ற காலம் ஒன்று இருந்தது. 2002 பெப்ரவரியில் கைச்சாத்திடப்பட்ட போர்நிறுத்த உடன்படிக்கைக்கு அனுசரணை வழங்கிய நாடு என்ற வகையில், ஒஸ்லோவில் இருந்து வெளியான ஒவ்வோர் அறிக்கையையும் வரிக்கு வரி படித்துத் தலைப்பிட்டு அச்சுக்கு அனுப்பிய பத்திரிகையாளர்களில் நானும் ஒருவன். செய்திகளில் இடம்பெற்றவர்கள் இராஜதந்திரிகளும் அமைச்சர்களுமே. அதே நாட்டின் வடகோடியில், வருடத்தில் இரண்டு மாதங்கள் சூரியனையே காணாத ஊர்களில், மீன் தொழிற்சாலை மேசைகளின் முன்னால் நின்று உழைத்த எமது மக்களைப் பற்றிச் செய்தி எதுவும் வந்ததில்லை. அவர்கள் போய்ச் சேர்ந்த அந்தக் குளிர்கால உலகத்தின் வரலாறு, நாம் அறிந்திருக்க வேண்டிய வரலாறு என்பது எனது எண்ணம்.

பின்மார்க் என்பது நோர்வேயின் வடகிழக்குக் கோடியில் உள்ள பிரதேசம். அதன் மேற்குக் கரையில், வடக்கே 70 பாகையையும் கடந்த அகலக்கோட்டில் ஹம்மர்பெஸ்ட் நகரம் இருக்கிறது. 1789ஆம் ஆண்டில் நகர அந்தஸ்துப் பெற்ற பழைய துறைமுகம் அது. நவம்பர் மாதம் 21, 22ஆம் திகதி அளவில் அங்கு மறையும் சூரியன், அடுத்த ஆண்டு ஜனவரி 21 அளவிலேயே மீண்டும் தலைகாட்டும். அதற்காக இரவும் பகலும் ஒரே காரிருள் என்று எண்ணிவிடக் கூடாது. நண்பகலை அண்டிய ஓரிரு மணிநேரம் தென்திசை வானத்தின் விளிம்பில் நீலமும் இளஞ்சிவப்பும் கலந்த அரையொளி தோன்றி மறையும். அவ்வளவுதான் அன்றைய பகல்.

அத்திலாந்திக்கில் இருந்து வரும் வெப்ப நீரோட்டத்தின் புண்ணியத்தால் ஹம்மர்பெஸ்ட் துறைமுகம் குளிர்காலத்திலும் உறைவதில்லை. கடலை விட்டு உள்ளே சென்றால் நிலைமை வேறு. சாமி இனத்தவர்கள் தமது துருவமான் மந்தைகளுடன் குளிர்காலத்தைக் கழிக்கும் உள்நாட்டுச் சமவெளியில் உள்ள காரஷோக் என்ற இடத்தில், 1886ஆம் ஆண்டின் புத்தாண்டுத் தினத்தில் பதிவான மறை 51.4 பாகை செல்சியஸ் குளிரே நோர்வேயின் சாதனைக் குளிராக இன்னமும் நிலைத்திருக்கிறது.

இத்தகைய ஊர்களில் குளிரை விடவும் கொடியது தனிமை. 19ஆம் நூற்றாண்டில் துரொன்ஹெய்ம் நகரில் இருந்து ஹம்மர்பெஸ்ட்டுக்கு அனுப்பப்பட்ட ஒரு கடிதம் போய்ச்சேரக் கோடையில் மூன்று வாரங்களும் குளிர்காலத்தில் ஐந்து மாதங்களும் எடுத்ததாகக் கூறுவர். நத்தார் வாழ்த்து அட்டை சித்திரை மாதத்தில் கிடைப்பதற்கு ஒப்பான நிலைமை அது. 1893 ஜூலையில் ரிச்சர்ட் வித் என்ற கப்பல் தலைவர் ‘வெஸ்டரோலன்’ என்ற நீராவிக் கப்பலுடன் ஆரம்பித்த கரையோரச் சேவையே இந்த நிலையை மாற்றியது. கலங்கரை விளக்கங்கள் குறைவாக இருந்த அந்தக் கரையில் இரவிலும் கப்பலோட்ட முடியும் என்பதை அவர் நிரூபித்துக் காட்டினார். ஆயினும் தொடக்கத்தில் அந்தக் கப்பல் ஹம்மர்பெஸ்ட் வரை சென்றது கோடைகாலத்தில் மாத்திரமே. குளிர்காலத்தில் துரொம்சோவுடன் திரும்பிவிடும்.

வெளியுலகம் எட்டாத மாதங்களில் மக்களை வாழவைத்தது மீன். 1432ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பியெத்ரோ குவெரினி என்ற வெனிஸ் நகர வணிகர் கப்பல் உடைந்து, எஞ்சிய சில மாலுமிகளுடன் லொபோட்டன் தீவுக்கூட்டத்தின் ரொஸ்ட் தீவில் கரையொதுங்கினார். ஏறத்தாழ 120 பேரே வாழ்ந்த அந்தத் தீவின் மீனவர்கள், முன்பின் அறியாத அந்த அந்நியர்களைத் தமது வீடுகளுக்குள்ளேயே வைத்து வசந்தகாலம் வரை உணவளித்துக் காப்பாற்றினர். உப்பே இடாமல் காற்றிலும் வெயிலிலும் உலர்த்தப்பட்டு விறகுபோல் இறுகும் கொட் மீனைப் பற்றி இத்தாலியர்கள் அறிந்துகொண்டது அவருடைய குறிப்புகளின் மூலமே என்பர். எமது ஊர்க் கருவாட்டுக்கு உப்பும் வெயிலும் வேண்டும். அவர்களுடைய கருவாட்டுக்குக் குளிர்காற்றே போதும். அந்த மீனைச் சாம்பற்காரத்தில் ஊறவைத்து, பின்னர் நல்ல தண்ணீரில் பல நாட்கள் அலசி, நுங்கைப் போல வழுவழுப்பாக்கிச் சமைக்கும் ‘லூத்தபிஸ்க்’ இன்றும் நத்தார் காலத்து உணவு. சூரியஒளி தராத உயிர்ச்சத்து டியை மீனெண்ணெய் தருகிறது. மாதத்தின் பெயரில் ‘ர்’ என்ற ஒலி இருந்தால் மீனெண்ணெய் குடிக்க வேண்டும் என்பது நோர்வேத் தாய்மாரின் விதி. மே, ஜூன், ஜூலை, ஓகஸ்ட் ஆகிய நான்கு மாதங்களுக்கு மாத்திரமே அந்த விதியில் இருந்து விடுதலை.

இந்த மக்களின் திருநாள் வழக்கங்களை ஆராய்ந்தால், அவை வெறும் களியாட்டங்களாகத் தோன்றவில்லை. நத்தாருக்கு அவர்கள் இன்றும் வழங்கும் ‘யூல்’ என்ற பெயர் கிறிஸ்தவம் வருவதற்கு முற்பட்டது. அந்தக் குளிர்காலப் பண்டிகையைக் கிறிஸ்து பிறப்புடன் ஒரே காலத்தில் கொண்டாட வேண்டும் என்று 10ஆம் நூற்றாண்டின் மன்னர் ஹோக்கன் விதித்ததாக ஐஸ்லாந்திய வரலாற்றாசிரியர் ஸ்னோரி எழுதியிருக்கிறார். மேற்கு நோர்வேயின் பழைய குலாதிங் சட்டமோ, குளிர்காலத்தின் வாசலில் வரும் சகல பரிசுத்தர் திருநாளுக்குக் குறைந்தது மூன்று குடும்பத்தினர் ஒன்றுசேர்ந்து பியர் வடிக்க வேண்டும் என்று விதித்தது. நத்தாருக்கும் வடித்து, நல்ல விளைச்சலும் சமாதானமும் வேண்டிப் பருக வேண்டும். தவறினால் அபராதம். கூடிக் கொண்டாடுவதைச் சட்டமே கடமையாக்கியது.

பழங்கதைகளும் அதனையே வேறுவிதமாகச் சொல்கின்றன. டிசம்பர் 13ஆம் திகதி இரவு ‘லுஸ்ஸி’ என்ற பயங்கரப் பெண் உருவம் வருவாள். நூல் நூற்றல், கதிரடித்தல் போன்ற வேலைகளை முடிக்காத வீட்டின் புகைபோக்கி வழியாக இறங்கித் தண்டிப்பாள் என்று நம்பினர். 1700ஆம் ஆண்டில் நாட்காட்டி மாற்றப்படுவதற்கு முன்னர் அந்த இரவே ஆண்டின் மிக நீண்ட இரவாகக் கருதப்பட்டது. சாமி மக்களிடம் ‘ஸ்டால்லு’ என்ற அரக்கனின் கதை உண்டு. நத்தார் இரவில் சறுக்குவண்டியில் வரும் அவனுடைய வண்டி சிக்கிக்கொள்ளாதபடி வீட்டு முற்றத்து விறகை ஒழுங்காக அடுக்கிவைக்க வேண்டும். அவன் தாகத்துக்குத் தண்ணீரும் வைக்க வேண்டும். தொழுவத்தைக் காக்கும் ‘நிஸ்ஸ’ என்ற குட்டி மனிதனுக்கு வெண்ணெய் இட்ட கஞ்சி, பறவைகளுக்குக் கம்பத்தில் கட்டிய தானியக் கதிர். வேலைகளை முடி, விறகை அடுக்கு, இருப்பதைப் பகிர் என்பதே இக்கதைகள் அனைத்தினதும் உட்பொருள். குளிர்காலத்தில் சோம்பலும் சுயநலமும் உயிராபத்து என்பதை இதைவிட எளிதாகக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இயலாது.

2011 டிசம்பரில் உறவினர் ஒருவரின் அழைப்பில் ஹம்மர்பெஸ்ட்டில் சில நாட்கள் தங்கினேன். என் கவனத்தை ஈர்த்தவை யன்னல்கள். ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டின் யன்னலிலும் கடதாசி நட்சத்திர விளக்கோ, ஏழு கிளைகள் கொண்ட மின்விளக்குத் தண்டோ எரிந்துகொண்டிருந்தது. திரைச்சீலைகள் மூடப்படவில்லை. வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு மாத்திரம் அன்றி, வீதியில் போகிறவனுக்கும் அந்த வெளிச்சம் சொந்தம். பெரியவர்களும் சிறுவர்களும் ஒளிதெறிக்கும் பட்டிகளை மேலங்கிகளில் அணிந்து நடந்தனர். நத்தாருக்கு முதல்நாள் மாலை ஐந்து மணிக்குத் தேவாலய மணிகள் ஒலித்ததும் கடைகளும் வீதிகளும் அடங்கிப் பண்டிகை ஆரம்பமாயிற்று.

வெளிச்சத்துக்கு அந்த நகரம் கொடுத்த விலை பெரியது. 1890ஆம் ஆண்டுத் தீயில் நகரின் பெரும்பகுதி எரிந்துபோயிற்று. அடுத்த ஆண்டிலேயே, 1891இல், வீதிகளுக்கு மின்விளக்குப் பொருத்தி, வட ஐரோப்பாவில் அவ்வாறு செய்த முன்னோடி நகரங்களில் ஒன்றாகப் பெயர்பெற்றது. தீக்குப் பின்னர் உதவி அனுப்பியோருள் ஜேர்மனியின் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மும் ஒருவர். 54 ஆண்டுகளின் பின்னர் ஜேர்மனியின் படையே அந்த நகரைக் கொளுத்தியது.

1944 ஒக்டோபரில் சோவியத் செஞ்சேனை கிழக்கே கிர்கனெஸ் நகரை விடுவித்தது. அங்கு பியோர்னவத்ன் இரும்புச் சுரங்கத்துக்குள் மூவாயிரம் பேர் வரையில் ஒளிந்திருந்தனர். அந்த இருட்டுக்குள் பத்துக் குழந்தைகள் பிறந்தன. பின்வாங்கும் ஜேர்மன் படைக்கு ஒக்டோபர் 28ஆம் திகதி ஹிட்லரின் கட்டளை பிறந்தது: மக்கள் அனைவரையும் பலவந்தமாக அகற்று, எதிரிக்குப் பயன்படக்கூடிய எதையும் விட்டுவைக்காதே. ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் தெற்கே அனுப்பப்பட்டனர். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், தொழுவங்கள், படகுகள், பாடசாலைகள், தேவாலயங்கள் எல்லாம் எரிந்தன. ஹம்மர்பெஸ்ட்டில் எஞ்சியது மயானத்துச் சிற்றாலயம் ஒன்றே.

கட்டளைக்குப் பணியாத ஆயிரக்கணக்கானோர் குகைகளிலும் புற்கட்டிகளால் வேய்ந்த குடிசைகளிலும் கவிழ்த்த படகுகளுக்கு அடியிலும் ஒளிந்தனர். புகை தெரிந்துவிடும் என்ற அச்சத்தில் அடுப்பு மூட்டுவதற்கும் இருட்டும்வரை காத்திருந்தனர். வெளிச்சத்துக்காக ஏங்க வேண்டிய பருவத்தில் இருளே அவர்களுக்குப் பாதுகாப்பாயிற்று. ஹம்மர்பெஸ்ட்டுக்கு எதிரேயுள்ள சொரோயா தீவின் குகைகளில் 1944இன் நத்தாரைக் கழித்தவர்களில் ஏறத்தாழ 500 பேரை, 1945 பெப்ரவரியில் நேசநாடுகளின் போர்க்கப்பல்கள் வந்து மீட்டுச் சென்றன.

அந்த அழிவுக்குப் பொறுப்பான படைத்தளபதி லொதார் ரெண்டுலிச் நியூரம்பேர்க்கில் விசாரிக்கப்பட்டார். வேறு குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்ட அவரை, பின்மார்க்கை எரித்த குற்றச்சாட்டில் இருந்து நீதிமன்றம் விடுவித்தது. எதிரி பின்தொடர்கிறான் என்று அவ்வேளையில் அவர் நேர்மையாகவே நம்பியதால், இராணுவத் தேவை என்ற வாதம் ஏற்கப்பட்டது. சர்வதேச மனிதாபிமானச் சட்ட நூல்களில் இத்தீர்ப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. வீடு எரிந்தவனின் பக்கத்தில் இருந்து அந்தப் பாடத்தைப் படித்தால் அதன் கசப்பு புரியும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்தில் இருந்து மழைக்குள் நடந்த இலட்சக்கணக்கானோருக்கு அதனை எவரும் விளக்கத் தேவையில்லை.

போர் முடிந்ததும், தங்குமிடம் இல்லாத வடக்குக்கு உடனடியாகத் திரும்ப வேண்டாம் என்று நோர்வே அரசாங்கம் தடுத்தது. மக்கள் கேட்கவில்லை. தற்காலிகக் கொட்டில்களில் இருந்துகொண்டே ஊரைத் திரும்பக் கட்டினர். 1961இல் எழுப்பப்பட்ட ஹம்மர்பெஸ்ட் தேவாலயத்தின் கூரை, மீன் உலர்த்தும் மரச்சட்டங்களின் வடிவில் அமைந்தது. தம்மைக் காப்பாற்றியது எது என்பதை அவர்கள் மறக்கவில்லை.

எமது மக்களுக்கும் நோர்வேக்கும் இடையிலான உறவும் மீனில்தான் தொடங்குகிறது. 1956இல் நோர்வே சென்ற அன்ரனி ராஜேந்திரம், 1960களில் நோர்வே நண்பர்களின் துணையுடன் ஆரம்பித்த சீநோர் நிறுவனத்தின் வலைத் தொழிற்சாலையைக் குருநகரும், படகுத் தளத்தைக் காரைநகரும் மறந்திருக்காது. 1980களில் அகதிகளாகச் சென்றோரில் பலர், வேலை தேடிப் பின்மார்க் கரையோரத்து மீன் தொழிற்சாலைகளை அடைந்தனர்.

அங்கு அவர்களுக்கு வேலை கிடைத்தது. ஊதியமும் வீடும் கிடைத்தன. ஆயினும் மானிடவியலாளர் ஆன சிக்பிரிட் குரொன்செத், வட நோர்வே மீன்பிடிக் கிராமம் ஒன்றில் வாழ்ந்த தமிழர்களை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட நூல் வேறொரு செய்தியையும் சொல்கிறது. காரணம் பிடிபடாத உடல் நோவுகளுடன் அவர்கள் திரும்பத் திரும்ப வைத்தியரிடம் சென்றனர். உறவுகளையும் சடங்குகளையும் இழந்த தனிமையுடன் சேர்த்தே அந்த நோவுகளைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது அவருடைய வாதம். யன்னல் விளக்குகளும் நத்தார் மேசையும் உள்ளூர் மக்களுக்குக் கொடுத்த அரண், வந்தவர்களிடம் இருக்கவில்லை. காலப்போக்கில் பலர் ஒஸ்லோவுக்குப் பெயர்ந்தனர். உறவினர் இருக்கும் இடமே அவர்களுக்குத் தெற்கு.

நான் சென்றிருந்த போது சந்தித்த ஒருவர், மீன் தொழிற்சாலையில் பதினெட்டு ஆண்டுகள் உழைத்தவர், தமது முதலாவது தைப்பொங்கலைப் பற்றிச் சொன்னார். தை முதலாம் நாள் ஜனவரி 14 அல்லது 15. அங்கு சூரியன் திரும்பிவருவதற்கோ இன்னும் ஓரு வாரம் கிடக்கிறது. “எந்தச் சூரியனுக்குப் படைக்கிறது எண்டு பெடியள் பகிடி பண்ணினாங்கள், அண்ணை. நாங்கள் அறையில மின்சார அடுப்பிலதான் பொங்கினனாங்கள். பொங்கி வழிஞ்ச உடன கிழக்குப் பக்கம் பாத்துக் கும்பிட்டம். வெளியில தெரு லைற் மட்டும்தான் எரிஞ்சுது. பிறகு பக்கத்து வீட்டு நோர்வேக் கிழவிக்கும் ஒரு கோப்பை குடுத்தம். அடுத்த கிழமை சூரியன் வந்த அண்டைக்கு அந்த மனுசி பணிஸ் கொண்டுவந்து தந்தா” என்றார் அவர்.

சூரியன் திரும்பும் நாளில் பணிஸ் பகிர்ந்து உண்பது வட நோர்வே ஊர்களின் வழக்கம். துரொம்சோ போன்ற நகரங்களில் சிறுவர்கள் முதல் கதிரை வரவேற்பதற்காக வகுப்பறைகளை விட்டு வெளியே வருவார்கள். அந்த மூதாட்டியைப் பொறுத்தவரை, தமிழர் கொடுத்தனுப்பிய இனிப்புச் சோறும் தான் கொடுத்த பணிசும் ஒரே காரியத்துக்கானவை. விளக்கேற்றுவதும் பகிர்ந்துண்பதும் ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போவதும் பண்டிகையின் அலங்காரங்கள் என்று நாம் கருதுகிறோம். நீண்ட இரவை அறிந்த சமூகங்களுக்கு அவையே பண்டிகையின் காரணம்.